ஐந்து நிமிடம் கழுவிய படங்கள்

போன மாதம் முழங்கால் வலிக்காகத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் இருக்கும் ஒரு ஸ்கேன் சென்டருக்கு எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தேன். நான் மேஜையை விட்டு இறங்கிச் செருப்பைத் தேடுவதற்குள் என் எலும்பு கம்ப்யூட்டர் திரையில் வந்துவிட்டது. படம் எடுத்த பெண்ணிடம், நானும் முப்பத்தோரு வருடம் இந்த வேலைதான் பார்த்தேன் என்றேன்.

"டார்க் ரூம்லயா மேடம்? ஃபிலிமைத் தண்ணில போட்டுக் கழுவுவாங்களாமே?"

"அரை மணி நேரம் கழுவணும்."

"அரை மணியா? சும்மா தண்ணிதானே, எதுக்கு அவ்ளோ நேரம்?"

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். படத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. ஒரு கோடையில் நானே என்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி அது. அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்ட பதிலால் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

தாம்பரத்துக்குக் கிழக்கே அப்போது ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. காசநோய் மாதிரி நெஞ்சு நோய்க்கு மட்டும். அறுபதுகளின் நடுவில், பயிற்சி முடித்த கையோடு அங்கே எக்ஸ்ரே டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். படம் எடுப்பது, இருட்டறையில் அதைக் கழுவி எடுப்பது, டாக்டரிடம் காட்டுவது, பழைய படங்களை அடுக்கி வைப்பது எல்லாம் நான் ஒருத்திதான்.

பயிற்சியின்போது ஒரு தேர்வில் பௌதிக மாற்றத்துக்கும் இரசாயன மாற்றத்துக்கும் வேறுபாடு கேட்டிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் படித்ததையே எழுதினேன். பனிக்கட்டி உருகினாலும் அது தண்ணீர்தான், மறுபடி உறைய வைக்கலாம்; அது பௌதிக மாற்றம். காகிதம் எரிந்தால் சாம்பல், மறுபடி காகிதம் ஆகாது. அது இரசாயன மாற்றம். முழு மதிப்பெண் கிடைத்தது. இருட்டறைக்குள் வந்த பிறகு அதே பாடத்தை நான்கு தொட்டிகளுக்கும் பொருத்திப் பார்த்துக்கொண்டேன்.

முதல் தொட்டி டெவலப்பர். கதிர் பட்ட இடத்தில் ஃபிலிமிலுள்ள வெள்ளி உப்பு அதில் கறுப்பு வெள்ளியாக மாறும். ஐந்து நிமிடம், அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட். நம் ஊர் வெயிலுக்கு ஐஸ் கட்டியை வெளித்தொட்டியில் போட்டுத்தான் அந்தச் சூட்டைப் பிடிக்க முடியும். அடுத்தது ஓர் அலசல். பிறகு ஹைப்போ, கதிர் படாத உப்பை அது கரைத்து எடுக்கும். பத்து நிமிடம். கடைசியாக ஓடும் தண்ணீரில் அரை மணி நேரம். பிறகு கொடியில் தொங்கவிட்டுக் காயவைப்பது.

டெவலப்பரும் ஹைப்போவும் இரசாயனம். அங்கே பிசகினால் படம் போச்சு. கழுவுவதும் காயவைப்பதும் வெறும் பௌதிகம். வீட்டில் துணி அலசுவது மாதிரி. இப்படித்தான் மனதில் பிரித்து வைத்திருந்தேன். அந்த இரண்டுக்கும் கடிகாரத்தையும் தெர்மாமீட்டரையும் விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். கழுவும்போது ரிஜிஸ்டர் எழுதுவேன்.

படம் பார்ப்பவர் டாக்டர் தேவசகாயம். ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டரும் அவர்தான். புதன்கிழமை காலையில் நோயாளிகள் வெளி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விளக்குப் பெட்டி முன்னால் நிற்பார். நான் படங்களை மாட்டுவேன். அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. யாராவது தப்பான பதில் சொன்னால் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதே கேள்வியை அதே வார்த்தைகளில் இன்னொரு தடவை கேட்பார். அந்த இரண்டாவது தடவையில் அனுபவமுள்ள நர்ஸ்களுக்கே குரல் நடுங்கும்.

அந்தக் கோடையில் ஆஸ்பத்திரிக் கிணறு வற்றியது. பம்ப் செட் பார்த்த முனுசாமி ஒரு நாள் இருட்டறைக் கதவைத் தட்டினார்.

"கெணத்துல தண்ணி இன்னா கீது சிஸ்டர், சேறுதான் கீது. லாரித் தண்ணி வந்தாதான் வார்டுக்கே. உன் தொட்டிக்கு நாலு பக்கெட் தரேன், அத்த வச்சு சமாளி."

வார்டில் நோயாளிகளுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாதபோது ஃபிலிம் அலச ஓடும் தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நான்கு பக்கெட்டையும் தொட்டியில் ஊற்றி, ஆறு படம் தொங்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டைத் திணித்து, ஐந்து நிமிடம் ஆட்டி எடுத்தேன். சும்மா தண்ணிதானே என்று சொல்லிக்கொண்டேன். காய்ந்த படங்கள் பளிச்சென்று இருந்தன. யாராலும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ரிஜிஸ்டரில் 'கழுவிய நேரம்' என்ற இடத்தில் எப்போதும்போல முப்பது என்று எழுதினேன். டாக்டரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் படம் எடுப்பதைக் குறைக்கச் சொல்வார், நோயாளிகள் திரும்பிப் போவார்கள் என்று நினைத்தேன். அதைவிட, கண்ணாடியைக் கழற்றுவாரே என்ற பயம்தான் அதிகம்.

இரண்டு மாதத்துக்கு மேல் அப்படி ஓடியது. மழை வந்தது, கிணறு ஊறியது, நானும் அரை மணிக்குத் திரும்பினேன்.

டிசம்பரில் ஒரு பழைய படம் தேவைப்பட்டு, மே மாதத்து இழுப்பறையைத் திறந்தேன். மேலே இருந்த படத்தின் ஓரம் டீ சிந்திய துணி மாதிரி பழுப்பாக இருந்தது. அடுத்ததை எடுத்தேன். அதிலும் ஒரு மூலையில் அதே பழுப்பு. என்ன ஏது என்று எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. சரியாகக் கழுவாத படத்தில் ஹைப்போ தங்கிவிடும். தங்கினது சும்மா இருக்காது. மாதக்கணக்கில் உள்ளேயே வேலை செய்து, கறுப்பு வெள்ளியை அரித்து வெளிறிய பழுப்பாக்கிவிடும். பயிற்சியில் படித்ததுதான்.

இழுப்பறையை மூடினேன். பீரோவில் ஈரம் இறங்கியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரும் அந்தப் படங்களைக் கேட்க மாட்டார்கள் என்றும் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஜூனில் பத்மாவதி டீச்சர் வந்தார். அஸ்தினாபுரத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது நுரையீரலில் நோய் கண்டு, நீண்ட விடுப்பில் வைத்தியம் பார்த்து, போன மே மாதம் படம் எடுத்து மருந்தை நிறுத்தி, அதன் பிறகு ஒரு வருடம் ஓய்வில் இருந்தார். இப்போது பள்ளி திறக்கப் போகிறது. குணமாகிவிட்டது என்று சர்டிபிகேட் கொடுத்தால் திங்கட்கிழமை வேலையில் சேரலாம். இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். படம் எடுக்கும்போதே இதையெல்லாம் என்னிடம் சொன்னார். மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றதும், நான் சொன்னதற்கு மேலேயும் பிடித்துக்கொண்டு நின்றார்.

புதன்கிழமை அவர் படத்தை மாட்டினேன். இடது பக்கம் நன்றாக ஆறியிருந்தது. வலது மேல்பக்கத்தில், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிறிய நிழல்.

"இது என்ன?" என்றார் டாக்டர். "போன வருஷப் படம் போடுங்க, ஆக்னஸ்."

மே மாதத்துப் படத்தை எடுத்து வந்து மாட்டினேன். விளக்குப் பெட்டியின் டியூப் போய், அந்த மாதம் முழுக்க இரண்டு சாதாரண பல்பைப் போட்டு ஒப்பேற்றிக்கொண்டிருந்தோம். அந்த மஞ்சள் வெளிச்சத்தில் பழுப்பு தனியாகத் தெரியாது.

"இதுலயும் இருக்கே. அதே இடம். போன வருஷம் ரிப்போர்ட்ல ஏன் எழுதலை?"

"அன்னைக்கு உங்களுக்குப் பதிலா ரிப்போர்ட் எழுதின டாக்டர் ஃபாரின் போயிட்டார் சார்."

"கவனிக்காம விட்டிருப்பார். ஒரு வருஷமா மாறலைன்னா பழைய தழும்புதான். சளி மூணு தடவையும் நெகட்டிவ். சர்டிபிகேட் டைப் பண்ணச் சொல்லுங்க."

படத்தைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்தேன். நடையில் ஜன்னல் வெளிச்சம் அதன்மேல் விழுந்தது. வலது மேல்பக்கத்தில் டாக்டர் பார்த்த அந்த நிழல் பழுப்பாக இருந்தது. அதன் ஓரம் நெஞ்சுக் கூட்டைத் தாண்டி, தோள்பட்டையைத் தாண்டி, ஆள் உருவமே இல்லாத வெற்றிடம் வரைக்கும் வழிந்திருந்தது. நோய் உடம்புக்கு வெளியே பரவாது. பன்னிரண்டு படங்களைத் திணித்தபோது இரண்டு ஒட்டிக்கொண்ட இடம் அது. தண்ணீரே நுழையாத இடம்.

அப்படியானால் போன வருட ரிப்போர்ட்தான் சரி, அப்போது அங்கே நிழல் இல்லை. இன்றைக்குத் தெரிவது புதிது.

பத்மாவதி டீச்சர் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். "சிஸ்டர், டைப் அடிக்கச் சொல்லிட்டாங்களாமே? எல்லாம் சரியாயிடுச்சாமே?"

"கொஞ்சம் இருங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு அப்போது வயது இருபத்தாறு. அப்பா இல்லை, வீட்டில் அம்மாவும் இரண்டு தங்கைகளும். வாயைத் திறந்தால் ரிஜிஸ்டரில் பொய் எழுதினது வெளியே வரும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. டாக்டரே தழும்பு என்று சொல்லிவிட்டார். வெளியே ஆபீஸில் டைப்ரைட்டர் சத்தம் கேட்க ஆரம்பித்தது. டீச்சர் திங்கட்கிழமை போய் நிற்கப்போகும் மூன்றாம் வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது.

ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருக்கக் கூடாதா என்று ஓர் ஆசை. அதற்கும் ஒரு சோதனை உண்டு. இரண்டு கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் அந்தப் படத்தின் பழுப்பு மூலையைச் சிறிது வெட்டிப் போட்டு ஊறவிட்டேன். வார்டில் வாய் கொப்பளிக்க வைத்திருக்கும் பொட்டாசியம் பர்மாங்கனேட் தண்ணீரை வாங்கி வந்து, இரண்டு டம்ளரிலும் நான்கு நான்கு சொட்டு விட்டேன். இரண்டிலும் ரோஸ் நிறம் ஒரே மாதிரி பரவியது. அது வெறும் கரைசல். முதல் டம்ளர் அப்படியே நின்றது. படத்துண்டு கிடந்த டம்ளரில் ரோஸ் மெல்ல மங்கி, மஞ்சளாகி, சாயமே இல்லாமல் போயிற்று. உள்ளே ஹைப்போ இருந்தால்தான் அப்படி மாறும்.

இரண்டு டம்ளரையும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனேன்.

"சார், பத்மாவதி டீச்சரோட போன வருஷப் படத்தை நம்பாதீங்க. அதுல தெரியறது நோயில்லை. நான் சரியாக் கழுவாததால வந்த கறை."

அவர் டம்ளர்களைப் பார்த்தார். படத்தை ஜன்னல் பக்கம் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார்.

"எத்தனை நிமிஷம் கழுவினீங்க?"

"தண்ணி இல்லாத சமயம் சார். கெணறு வத்தி…"

கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனை நிமிஷம் கழுவினீங்க?"

"அஞ்சு நிமிஷம் சார். ரிஜிஸ்டர்ல முப்பதுன்னு எழுதினேன்."

"எத்தனை நாள்?"

"ரெண்டு மாசத்துக்கு மேல."

டைப்ரைட்டர் நின்றுவிட்டிருந்தது.

"படம் கெட்டுப்போனது உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"இப்பத்தான் சார்" என்றேன்.

அந்தக் கேள்வியை மட்டும் அவர் இரண்டாவது தடவை கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டீச்சரைக் கூப்பிடச் சொன்னார்.

சளியைச் சிட்டியில் ஒரு லேபுக்குக் கல்ச்சருக்கு அனுப்ப வேண்டும், கிருமி வளர்கிறதா என்று தெரிய எட்டு வாரம் ஆகலாம், அதுவரை சர்டிபிகேட் தர முடியாது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். டீச்சர் அவரிடம் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். நடையில் என்னை நிறுத்தினார்.

"திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது சிஸ்டர். டைப் அடிச்ச பேப்பர் அங்க மேஜைல கிடக்கு. நீங்கதான் போய்ச் சொன்னீங்களாமே."

"ஆமாம் டீச்சர்."

"உங்க தப்புக்கு என் வேலை போகணுமா?"

அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்து போவதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் எனக்கு மெமோ கொடுத்தார். வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்தக் கோடையில் எடுத்த ஒவ்வொரு படத்தையும் மறுபடி கழுவ வேண்டும், ஒவ்வொரு தொட்டியையும் அந்தப் பர்மாங்கனேட் தண்ணீர் விட்டுச் சோதித்து இன்னொருவர் கையெழுத்தோடு எழுத வேண்டும் என்றார். நானூறுக்கு மேல் படங்கள். பகல் வேலைக்கு நடுவில் மூன்று வாரம் கழுவினேன். முனுசாமி கேட்காமலே பம்ப்பைக் கூடுதல் நேரம் ஓடவிட்டார்.

கறை விழாத படங்கள் பிழைத்தன. ஹைப்போ உள்ளே தங்கியிருந்ததே தவிர இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை. தண்ணீரில் வெளியே வந்துவிட்டது. பழுப்பான இடங்கள் எத்தனை மணி நேரம் கழுவினாலும் பழுப்பாகவே இருந்தன. அங்கே வெள்ளி வேறு பொருளாகிவிட்டது. எதற்கு அரை மணி என்பதற்கு எனக்குப் பதில் கிடைத்தது அந்த மூன்று வாரத்தில்தான்.

ஏழாவது வாரம் கல்ச்சர் முடிவு வந்தது. கிருமி வளர்ந்திருந்தது. பழைய மருந்துக்குக் கட்டுப்படாத வகை. பத்மாவதி டீச்சர் வார்டில் சேர்ந்தார். வேறு மருந்து, வேறு ஊசி, பதினான்கு மாதம். பள்ளிக்கூட வேலை போய்விட்டது. மாதம் ஒரு தடவை படம் எடுக்க என் முன்னால் வந்து நிற்பார். சொன்னதைச் செய்வார், பேச மாட்டார். குணமாகிப் போகிற அன்று மட்டும் நின்று சொன்னார்: "அன்னைக்கு நான் கேட்டது தப்புன்னு இப்பவும் நினைக்கலை. நீங்க சொன்னதும் தப்பில்லை." அவ்வளவுதான். பிறகு வேறு பள்ளியில் வேலை கிடைத்தது என்று கேள்விப்பட்டேன்.

ஆனால் விஷயம் அவரோடு முடியவில்லை. அந்த மூன்று வாரக் கழுவல் முடிந்தபோதே, நெஞ்சுப் பகுதியிலேயே கறை விழுந்து, இனி படிக்க முடியாத படங்கள் பதினொன்று தேறின. டீச்சருடையது போக மற்ற பத்துப் பேருக்கும் மறுபடி வந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடிதம் போட்டோம். ஒன்பது பேர் வந்தார்கள். யாருக்கும் புதிதாக ஒன்றும் இல்லை. கன்னியப்பன் என்ற ஒருவர் மட்டும் வரவில்லை. இரண்டாவது கடிதத்துக்கும் பதில் இல்லை. முகவரி கேளம்பாக்கம், உப்பளத் தொழிலாளி.

ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, பஸ் மாறி மாறிக் கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்தேன். கண் கூசும் வெயிலில் பாத்தி பாத்தியாக வெள்ளை. மரப்பலகையால் உப்பை இழுத்துக் குவித்துக்கொண்டிருந்த ஒருவரை ஆட்கள் கை காட்டினார்கள். வரப்பில் நடந்து போனேன். நாற்பது வயது இருக்கும். நெஞ்சு ஒட்டித்தான் இருந்தது. அவர் இருமுகிறாரா என்று பார்த்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது.

"லெட்டர் வந்துச்சும்மா. படிச்சுச் சொல்ல ஆளில்ல. எனக்கு இன்னா? நல்லாத்தான் கீறேன். நீங்கதானே போன வருஷம் சரியாப்பூட்ச்சின்னு சொன்னீங்க?"

"அந்தப் படம் கெட்டுப்போச்சு. நான் சரியாக் கழுவலை. அதனால மறுபடி ஒண்ணு எடுத்துப் பார்க்கணும்."

அவர் பலகையை நிறுத்தினார். "அப்போ நோவு கீதா, இல்லியா?"

"தெரியாது. எடுத்தாத்தான் தெரியும்."

"அந்தப் படம் கெட்டுப்பூட்ச்சின்னு உனக்கு எப்பம்மா தெரியும்?"

வெயில் பின்கழுத்தில் சுட்டது. அவர் என்னை அதட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்கு வீட்டில் சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் என்று கேஸ் ஷீட்டில் படித்திருந்தேன்.

"டிசம்பர்லயே தெரியும்" என்றேன். "பயந்துகிட்டு சொல்லலை."

விரலை மடக்கி எண்ணினார். மாதங்கள் கூடிக்கொண்டே போனது அவர் முகத்தில் தெரிந்தது. "அத்தினி மாசமும் புள்ளைங்களோட ஒரே ரூம்ல படுத்துக்கினு இருந்தேன்" என்றார். பாத்தியில் மிச்சமிருந்த உப்பைக் கரையில் ஏற்றிவிட்டுக் கால் கழுவப் போனார். திரும்பி வந்து, "போலாம் வா" என்றார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் நின்றுகொண்டார்.

அன்று மத்தியானமே ஆஸ்பத்திரியில் அவரைப் படம் எடுத்தேன். டெவலப்பர், அலசல், ஹைப்போ, பிறகு ஓடும் தண்ணீர். அந்த அரை மணி நேரமும் தொட்டியை விட்டு நகரவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டினேன். டாக்டர் வெகுநேரம் பார்த்தார்.

"க்ளீன்" என்றார். "போகச் சொல்லுங்க."

கன்னியப்பன் அதைக் கேட்டு என்னைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார்.

நான் அறையிலேயே நின்றேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், அன்னைக்கு எப்போ தெரிஞ்சுதுன்னு கேட்டீங்க. இப்பத்தான்னு சொன்னேன். அது பொய். டிசம்பர்லயே இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். மூடிட்டேன்."

கண்ணாடியைக் கழற்றுவார் என்று காத்திருந்தேன். கழற்றவில்லை. என் ஃபைலை வரவழைத்தார். பழைய மெமோவின் கீழே நான்கு வரி தன் கையால் எழுதினார். 'டிசம்பர் முதல் ஜூன் வரை அறிந்தும் தெரிவிக்கவில்லை' என்பது அதில் ஒரு வரி. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். மை காயும்வரை ஃபைலைத் திறந்தே வைத்திருந்தார்.

வெளியே பெஞ்சில் இன்னும் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். போய் முதல் ஆளின் பெயரைக் கூப்பிட்டேன்.